சோறு கொடுத்த கை: மௌ மௌ வழக்கில் ஒரு கிகுயு பெண்ணின் சாட்சியம்

கென்யாவின் கிகுயு மக்கள் தங்கள் மொழியில், மணமாகிக் குடும்பம் நடத்தும் பெண்ணை, வயதில் மூத்தவளை, ‘முதுமியா’ என்பார்கள். மரியாதையான சொல்தான். வேர் என்ன என்று கேட்டால், அந்த மொழிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ‘வாயை மூடிக்கொண்டவள்’ என்பது. வீட்டில் நடந்ததை வெளியே விடாதவள், காதில் விழுந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்பவள்.

2012 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அப்படிப்பட்ட ஒரு முதுமியா சாட்சியம் அளித்தார். பெயர் ஜேன் முத்தோனி மாரா. எழுபதைத் தாண்டிய கென்யக் கிராமத்துப் பாட்டி. தனக்குப் பதினைந்து வயதில், 1954-இல், ஒரு விசாரணை முகாமில் நடந்த பாலியல் சித்திரவதைக்கு, அப்போது கென்யாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வழக்கு. அவரே முன்வந்து தன் பெயரையும் முகத்தையும் உலகத்துக்குக் காட்டியதால்தான் இங்கே பெயரைச் சொல்கிறேன். அந்த முகாமில் என்ன செய்தார்கள் என்ற விவரம் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அதை இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. அவர் அதைச் சொன்னது நீதிபதியிடம், ஒரு தேவைக்காக. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: ஐம்பத்தெட்டு வருஷம் சொல்ல முடியாமல் போனது ஏன், அப்புறம் சொல்ல முடிந்தது எப்படி?

முகடும் அடுப்பும்

கென்ய மலையின் தெற்கு, மேற்குச் சரிவுகளில் ஓடைகளுக்கு நடுவே நீளநீளமாக மண்முகடுகள் இறங்குகின்றன. ஒவ்வொரு முகட்டிலும் ஒரு மூதாதையின் வழிவந்தவர்கள் நிலம் பிரித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி வீடு கட்டி வாழ்வது பழைய கிகுயு வழக்கம். நெருக்கியடித்த தெருவும் ஊரும் அவர்களுக்கு அந்நியம். கணவனுக்குத் தனிக் குடில், ‘திங்கிரா’. ஒவ்வொரு மனைவிக்கும் அவளுடைய வீடு, ‘ஞும்பா’. ஞும்பாவின் நடுவில் மூன்று கல் அடுப்பு, வெளியே அவளுடைய தானியக் குதிர். அந்தக் குதிரும் அடுப்பும் அவள் ஆட்சி. வந்தவருக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது அவள் முடிவு.

குலக்கதையிலும் பெண்கள்தான் வேர். கிகுயு, மும்பி என்ற ஆதித் தம்பதிக்குப் பிறந்த மகள்களின் பெயரில்தான் குலங்கள் இருக்கின்றன. எண்ணிச் சொல்லும்போது ‘நிறைந்த ஒன்பது’ என்பார்கள், உண்மையில் பத்து. ஆட்களை முழுசாக எண்ணிச் சொல்வது ஆகாது என்ற நம்பிக்கை. வஞ்சிரு, வம்புயி, வஞ்சிகு, வங்காரி, ஞம்புரா என்று இன்றும் கென்யாவில் காதில் விழும் பெயர்கள் அந்த மகள்களுடையவை. முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், முதல் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர், அடுத்தவர்களுக்குத் தாய்வழிப் பெயர்கள் என்று பெயரிடும் முறை இன்னும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சுமக்கும் குழந்தை வழியாகத் தாத்தாவும் பாட்டியும் திரும்ப வருகிறார்கள் என்பது அதன் பொருள்.

இந்த அமைப்பு 1950-களில் எப்படி உடைக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் மாராவின் வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

நிலம் வெள்ளைக் குடியேறிகள் கைக்குப் போனது, கூலி வேலை, கைரேகை அட்டை என்று பல பத்தாண்டு எரிச்சல், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மௌ மௌ கிளர்ச்சியாக வெடித்தது. 1952 அக்டோபர் 20-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. போராளிகள் அபெர்டேர் காட்டுக்கும் கென்ய மலைக் காட்டுக்கும் போனார்கள். காட்டுக்குள் அடுப்பு கிடையாது. முகட்டில் இருந்த பெண்களின் அடுப்புதான் அவர்களுக்குச் சோறு போட்டது. இருட்டியதும் காட்டு ஓரத்துக்குப் போய்ச் சாப்பாட்டை வைத்துவிட்டு வருவார்கள். அரசுக்கு அது புரிந்துவிட்டது. 1954 ஜூனில் தொடங்கி 1955 முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை முகடுகளிலிருந்து பெயர்த்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட அடைப்புக் கிராமங்களில் அடைத்தார்கள். பழைய வீடுகள் எரிக்கப்பட்டன. புதிய கிராமத்தைச் சுற்றி முள்வேலி, கூர்க்குச்சி நட்ட அகழி, ஊரடங்கு. அந்த அகழியைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் அதே பெண்கள். ஆண்களில் பலர் தடுப்பு முகாம்களில் இருந்தார்கள்.

கிராமத்துக்குக் காவல், ஊர்க்காவல் படை. ‘ங்காதி’ என்று கிகுயு மக்கள் இன்றும் கசப்போடு சொல்லும் பெயர் அது. அதில் இருந்தவர்களும் கிகுயுகள்தான். சில சமயம் அதே முகட்டுக்காரர்கள், உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டவர்கள். வெள்ளை அதிகாரி மேற்பார்க்க, கை வைத்தது பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதலைக்குப் பிறகும் பெண்கள் வாய் திறக்காததற்குப் பெரிய காரணம் இதில் இருக்கிறது.

மாரா மேல் சொல்லப்பட்ட குற்றம், மௌ மௌ ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்தது. கதிதி என்ற இடத்திலிருந்த விசாரணை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்த கொடுமைக்கு அப்புறம் மூன்று வருஷச் சிறைத் தண்டனை. சாப்பாடு கொடுத்ததற்காக ஏன் இவ்வளவு கொடூரம் என்பது கடைசிவரை தனக்குப் புரியவில்லை என்று அவர் தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார்.

மௌனம் எப்படிக் கட்டப்பட்டது

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பல வருஷம் பேசாமலிருந்தால், ‘வெட்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ‘அந்தச் சமூகம் அப்படி’ என்று பண்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த வழக்கில் அந்த விளக்கம் போதாது.

முதலில் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ‘தாஹு’ என்று கிகுயு மரபில் ஒரு கருத்து உண்டு. தமிழில் சட்டென்று புரிகிற சொல் ‘தீட்டு’. ரத்தம் சிந்தினால், பிணத்தைத் தொட்டால், முறை தவறிய உடலுறவு நேர்ந்தால் தாஹு ஒட்டும். விட்டுவைத்தால் ஆளும் வீடும் நலியும். அதைக் கழிக்க ‘முண்டு முகோ’ என்ற மருத்துவர் வருவார். ஆடு அறுத்து, அதன் இரைப்பையில் இருப்பதை மருந்தோடு கலந்து வாழை இலை விரித்த குழியில் ஊற்றுவார். பாதிக்கப்பட்டவர் அதை நாக்கில் தொட்டுத் தொட்டுத் துப்ப வேண்டும். அந்தச் சடங்குக்குப் பெயரே ‘வாந்தியெடுக்க வைப்பது’. உள்ளே போன கேட்டை ஒவ்வொன்றாகச் சொல்லி வெளியே துப்புவது.

இந்தச் சடங்கைப் பற்றிப் படித்ததும் என் எண்ணம் கொஞ்சம் மாறியது. முதுமியா வாய் மூடியவள் என்று சொன்ன அதே மரபுக்குள், கேடு வந்தால் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து அதை வெளியே துப்புவதற்கும் ஒரு முறை இருந்திருக்கிறது. அடைப்புக் கிராமத்தில் அந்த முறை எப்படி நடக்கும்? ஆடுமாடுகளை அபராதமாக ஓட்டிக்கொண்டு போயாயிற்று. பெரியவர்கள் முகாமில். பொழுது சாய்ந்தால் குடிலை விட்டு வெளியே வரத் தடை. வாயை மூடச் சொன்ன வழக்கம் மிஞ்சியது, துப்பச் சொன்ன வழக்கத்துக்கு இடமில்லாமல் போனது.

அடுத்தது சத்தியம். ‘முமா’ என்பது கிகுயு வாழ்க்கையில் மௌ மௌவுக்கு முன்பே இருந்தது. வழக்குத் தீர்க்கவும் உடன்பாடு செய்யவும் சத்தியம் வைப்பார்கள், பொய்ச் சத்தியம் கொல்லும் என்ற நம்பிக்கையோடு. போராட்டக்காரர்கள் அதையே எடுத்து, வாழைத்தண்டு வளைவுக்குள் நுழைந்து, ஆட்டிறைச்சியும் மண்ணும் தொட்டுச் செய்யும் ரகசியச் சத்தியமாக்கினார்கள். பெண்களும் எடுத்தார்கள். காட்டிக்கொடுக்க மாட்டேன், வெளியே சொல்ல மாட்டேன், சொன்னால் இந்தச் சத்தியம் என்னைக் கொல்லட்டும்.

அரசு இதற்குச் செய்த மாற்று ஏற்பாடு, ‘ஒப்புதல்’. முகாமிலிருந்து வெளியே போக வேண்டுமானால் சத்தியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், பெயர்களைச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை அடி. அதாவது ‘பேசு’ என்பதே சித்திரவதைக்காரன் வாயிலிருந்து வந்த சொல்லாகிவிட்டது. பேசியவர் துரோகி, பேசாதவர் மானம் காத்தவர். அப்படி வாழ்ந்து வெளியே வந்த ஒரு பெண்ணிடம் பிற்காலத்தில் யாரோ நோட்டுப்புத்தகத்தோடு வந்து ‘உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்’ என்றால் அவர் காதில் என்ன விழும்? பாதிக்கப்பட்டோரிடம் வாக்குமூலம் வாங்கும் எல்லோரும் ஒருமுறை யோசிக்க வேண்டிய இடம் இது.

மூன்றாவது சட்டம். 1955 ஜனவரியில் ஆளுநர் பேரிங் ஒரு பொதுமன்னிப்பு அறிவித்தார். அந்தத் தேதிக்கு முன் ஊர்க்காவல் படையும் மற்றப் பாதுகாப்புப் படையினரும் செய்த குற்றங்களுக்கு வழக்கு கிடையாது. 1957-இல் முகாம்களில் அடித்துப் பணியவைக்கும் முறைக்குச் சட்ட வடிவம் கொடுத்த அரசு தலைமை வழக்கறிஞர் எரிக் கிரிஃபித்ஸ்-ஜோன்ஸ், பாவம் செய்வதென்றால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று ஆளுநருக்கு எழுதினார். சரி, 1963-இல் விடுதலை வந்ததே, அப்போது? மௌ மௌ ஒழிக்கப்பட்டுவிட்ட ஒரு நோய், இனி நினைக்கவே கூடாது என்று விடுதலைக் கென்யாவின் முதல் தலைவரான ஜோமோ கென்யாட்டா விடுதலைக்கு முந்தின வருஷமே பேசியிருந்தார். ங்காதிகளும் போராளிகளும் ஒரே முகட்டில் வாழ வேண்டும், மறந்து மன்னிப்போம் என்பது அரசின் நிலை. 1950-இல் வெள்ளையர் அரசு மௌ மௌ மீது போட்ட தடை 2003 வரை நீக்கப்படவே இல்லை. தான் சேர்ந்திருந்த இயக்கமே சட்டப்படி குற்றம் என்றால், அதற்காகத் தனக்கு நேர்ந்ததை எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வது?

லண்டன்

2003-இல் கென்ய அதிபர் கிபாகியின் அரசு தடையை நீக்கியது. முன்னாள் போராளிகளின் சங்கம் பதிவானது. கென்ய மனித உரிமை ஆணையம் என்ற தன்னார்வ அமைப்பு வாக்குமூலங்களைத் திரட்டியது. லண்டனில் ‘லீ டே’ சட்ட நிறுவனம் வழக்கை எடுத்துக்கொண்டு, 2009 ஜூனில் ஐந்து பேர் பெயரில் தாக்கல் செய்தது. எல்லோரும் கிகுயுகள் அல்ல. ந்திகு முத்துவாவும் பாவுலோ ன்சிலியும் கம்பா இனத்தவர், முகாமில் விதை நீக்கப்பட்டவர்கள். ஆண்களுக்கு நடந்ததையும் பாலியல் வன்முறை என்று சொல்லத் தயங்கக் கூடாது. வம்புகு வா ஞிங்கி, 1959 மார்ச் 3-இல் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்ட ஹோலா முகாமில் பிணங்களோடு பிணமாகப் போடப்பட்டு உயிர்தப்பியவர். பெண்கள் இருவர். அதில் சூசன் ங்கோந்தி வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார். முத்துவாவும் இறந்தார்.

பிரிட்டிஷ் அரசின் முதல் வாதம், பொறுப்பு 1963-இல் கென்ய அரசுக்குக் கைமாறிவிட்டது என்பது. 2011 ஜூலையில் நீதிபதி மெக்கோம்ப் அதை ஏற்காமல், விசாரிக்க வேண்டிய வழக்கு இது என்றார். இரண்டாவது வாதம் காலவரையறை. உடல் காயத்துக்கு இழப்பீடு கேட்க மூன்று வருஷம்தான், இவர்கள் அரை நூற்றாண்டு கழித்து வந்திருக்கிறார்கள், சாட்சிகள் செத்துப்போனார்கள்.

இங்கேதான் காகிதம் வந்தது. வழக்கில் நிபுணர்களாக வந்த வரலாற்றாய்வாளர்கள் டேவிட் ஆண்டர்சன், கரோலின் எல்கின்ஸ், ஹியூ பென்னட் ஆகியோர் காணாமற்போன கோப்புகளைப் பற்றித் தொடர்ந்து கேட்டார்கள். 2011-இல் அரசு ஒப்புக்கொண்டது: விடுதலைக்கு முன் கென்யாவிலிருந்து விமானத்தில் அள்ளி வந்த சுமார் 1,500 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பூட்டிக் கிடந்தன. அதே கிடங்கில் இலங்கை, மலாயா உட்படப் பிற காலனிகளின் கோப்புகளும் இருந்தன. அடித்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளே அடிபட்டவர்களுக்குச் சாட்சியாக நின்றன.

2012 ஜூலை விசாரணையில் அரசு வழக்கறிஞர், மனுதாரர்கள் சித்திரவதைக்கு ஆளானதை அரசு மறுக்கவில்லை என்று சொன்னார். இதுவரை நடந்ததிலேயே பெரிய விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், தீர்ப்பையும் பணத்தையும்விட. ‘உன்னை நம்புகிறேன்’ என்ற சொல் எதிராளி வாயிலிருந்தே, பொது மன்றத்தில் வந்தது. அக்டோபர் 5-இல், ஆவணங்கள் இவ்வளவு இருப்பதால் இப்போதும் நியாயமான விசாரணை நடத்த முடியும் என்று மெக்கோம்ப் தீர்ப்பளித்தார். மாரா, ன்சிலி, ஞிங்கி மூவரின் வழக்கும் தொடர வழி கிடைத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய கிகுயு வழக்கில் பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் ‘கியாமா’ என்ற பெரியவர் மன்றம் கூடும். தீர்வு ஆடு, மாட்டுக் கணக்கில் இருக்கும். அது போய்ச் சேர்வது அப்பாவிடம் அல்லது கணவனிடம். லண்டனில் மாராவின் காயத்துக்கு மனுதாரர் மாராதான். அவருடைய உடல், அவருடைய வழக்கு, அவருடைய கையொப்பம்.

2013 ஜூன் 6-இல் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில், சித்திரவதை நடந்தது என்று ஏற்று உளமார வருந்துவதாகச் சொன்னார். இந்த மூவரைப் போலப் பாதிக்கப்பட்ட 5,228 பேருக்குமாகச் சேர்த்து 1.99 கோடி பவுண்டு, நைரோபியில் ஒரு நினைவுச்சின்னம். வழக்குச் செலவு போக ஆளுக்கு மூவாயிரம் பவுண்டுக்கும் குறைவு. சட்டப்படி பொறுப்பேற்கவில்லை என்பதையும் அதே உரையில் சொல்லிவிட்டார். ‘வருந்துகிறோம்’ என்பதற்கும் ‘மன்னியுங்கள்’ என்பதற்கும் உள்ள இடைவெளியைப் பாதிக்கப்பட்டவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

அடுத்து வந்த 40,000-க்கும் மேற்பட்டோரின் வழக்கு 2018-இல் தள்ளுபடியானது. பெரும்பாலும் அதே காலதாமதக் காரணம்தான். முதல் மூவருக்குத் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. தன் காயத்துக்குக் காகிதம் கிடைத்தவளுக்கு நீதி, கிடைக்காதவளுக்கு இல்லை என்றால் அதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரபே ஆயுதமானபோது

கிகுயு மக்களை எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் காட்டினால் இந்த ஆய்வு பாதிப் பொய்யாகிவிடும். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் நடந்த கலவரத்தில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக, அதை விசாரித்த வாக்கி ஆணையம் பதிவு செய்தது. பாலியல் வன்முறை எல்லாப் பக்கமும் நடந்தது, காவல் துறையினர் செய்ததும் உண்டு. நைவாஷா, நகுரு ஊர்களில் கிகுயு கும்பல்கள் லுவோ இன ஆண்களைப் பிடித்துக் கட்டாய விருத்தசேதனம் செய்தன. கிகுயு மரபில் பையன் ஆளாவதைக் கொண்டாடும் சடங்கு அது. ஒரு வயதுக் குழுவே சேர்ந்து நின்று பெயர் பெறும் நாள். அதையே இன்னொருவன் உடலில் அவமானமாக வெட்டினார்கள். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2012 ஜனவரியில் இதைப் பாலியல் வன்முறை என்ற தலைப்பில் சேர்க்க மறுத்தது, இன வெறுப்பில் செய்த மனிதத்தன்மையற்ற செயல் என்ற தலைப்பில் வைத்தது. பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர் அதை எதிர்த்து வாதாடினார். அவர் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. வெட்டுப்பட்டவன் என்ன உணர்ந்தான் என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். அந்த வழக்கும் 2014 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

கென்யாவுக்குள் சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. நாடாளுமன்ற நியமன உறுப்பினராக இருந்த ஞோகி ந்துங்கு கொண்டுவந்த பாலியல் குற்றச் சட்டம் 2006-இல் நிறைவேறியது. ஆண்கள் நிறைந்த அவையில் அதைக் கரைசேர்க்கத் திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. புகார் பொய் என்று முடிவானால் புகார் கொடுத்தவருக்கே தண்டனை என்று ஒரு பிரிவும் நுழைந்தது. அந்தப் பிரிவை நீக்க 2012 ஆயிற்று. 2010 அரசமைப்பின் 159-ஆம் பிரிவு பெரியவர் மன்றத் தீர்வுகளை ஏற்கிறது, ஆனால் அடிப்படை உரிமையை மீறினால் செல்லாது என்கிறது. ஆட்டைக் கொடுத்து முடித்துக்கொள்வோம் என்று இனி யாரும் சட்டத்தின் பெயரால் சொல்ல முடியாது. தேர்தல் கலவரத்தில் பாதிக்கப்பட்ட எட்டுப் பேர், பெண்களும் ஆண்களும், சில அமைப்புகளோடு சேர்ந்து 2013-இல் போட்ட மனுவில் 2020 டிசம்பர் 10-இல் நைரோபி உயர் நீதிமன்றம் நான்கு பேருக்குத் தலா 40 லட்சம் ஷில்லிங் வழங்கச் சொன்னது. மற்ற நான்கு பேருக்கு எதுவும் இல்லை. அவர்களும் அதே மனுவில், அதே ஏழு வருஷம் காத்திருந்தவர்கள்தான்.

நைரோபி, 2015

ஒப்பந்தப்படி கட்டிய நினைவுச்சின்னம் 2015 செப்டம்பரில் நைரோபியின் உஹுரு பூங்காவில் திறக்கப்பட்டது. முகடுகளிலிருந்து கிழவர்களும் கிழவிகளும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

சிலையில் இரண்டு பேர். ஒருவன் காட்டுப் போராளி. இன்னொருத்தி அவனுக்குச் சாப்பாட்டுக் கூடையை நீட்டும் பெண். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் தொடுகிற தூரத்தில் இருக்கின்றன. முகங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வேறு வேறு பக்கம் திரும்பியிருக்கின்றன. நாளைக்குப் பிடிபட்டு எவ்வளவு அடி வாங்கினாலும், சோறு கொடுத்தது யார், வாங்கியது யார் என்று இருவராலும் சொல்ல முடியக் கூடாது என்பதற்காக.